ஓலமறியும் ஒரு கிள்ளலும்

தூத்துக்குடியில் ஒரு மாடிவீட்டில் யாரோ தேம்பினார்கள். வாசல் தூணில் இருந்த ஓலமறி என்ற கருவி காது கொடுத்துக் கேட்டு, "தேம்பல்" என்று பெயர் சொன்னது. ஒரு டீ ஆறுவதற்குள் ஆறுதல் பணியாளர் ஒருவர் அந்தக் கதவைத் தட்டினார். துறைமுகச் சாலையில் ஒரு கதறல் எழுந்தது. அங்கே மருத்துவ ஊர்தி பறந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு சிணுங்கல். அங்கே யாரும் போகவில்லை. பொம்மைக் கடையைத் தாண்டியதும் அது தானாக ஓய்ந்துவிடும் என்று ஓலமறிக்குத் தெரியும்.

அதை உருவாக்கிய பியூலாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. இருக்காதா பின்னே? மற்ற நாட்டுக் கருவிகள் அழுகையின் சத்தத்தை அளந்தன. உரக்க அழுதவனுக்கு உதவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு விம்மியவளுக்கு யாரும் வரவில்லை. பியூலாதான் சத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்தாள்.

"விசும்பலும் விம்மலும் ஒண்ணா? கேவலும் புலம்பலும் ஒண்ணா? நம்ம ஆளுக தனித்தனியா பேரு வச்சிருக்காகன்னா, தனித்தனியா கேட்டிருக்காகன்னுதான அர்த்தம்!" என்று அவள் கூட்டங்களில் பேசினால் கைதட்டல் அடங்காது. இப்போது நைரோபியிலும் ஒஸ்லோவிலும் பொறியாளர்கள் 'விம்மல்' என்று தமிழிலேயே சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எல்லாரையும் வியக்க வைத்தது 'நீலிக்கண்ணீர்'தான். பொய்யழுகையை ஓலமறி கண்டுபிடித்துவிடும். தூணில் பச்சை விளக்கு எரியும். ஊர்தி வீணாக ஓடாது. மெய்யழுகைக்கான குரல்களை மருத்துவமனைகளில் சேகரித்த பியூலாவுக்குப் பொய்யாக அழ ஆள் கிடைக்கவில்லை. "நாமளே அழுதுட்டாப் போச்சு" என்று அறையைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அவளே அழுதாள். கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கியவள். விதவிதமாக அலறினாள், அரற்றினாள், கேவினாள். இயந்திரம் அத்தனையையும் பொய் என்று படித்துக்கொண்டது.

ஓலமறியை வாங்க ஒன்பது நாட்டுப் பிரதிநிதிகள் கையெழுத்திடும் நாள் வந்தது. மாலை விழாவுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பியூலா இரும்புப் பீரோவைத் திறந்தாள். கணவன் கப்பலில், வீட்டில் அவளும் ஒன்றரை வயது மகள் நறுமுகையும்தான். இறுகிக் கிடந்த மேல்தட்டைப் பிடித்து இழுத்தபோது, பீரோ அப்படியே முன்னால் சாய்ந்தது. குழந்தையைத் தள்ளிவிட நேரம் இருந்தது. தான் விலக நேரம் இல்லை.

பீரோவுக்கு அடியில் கால் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வீடே அதிர அலறினாள்.

"நீலிக்கண்ணீர்" என்றது வாசலில் ஓலமறி.

பியூலா திகைத்துப்போனாள். மறுபடி அலறினாள். கதறினாள். "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கூக்குரலிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அதே பதில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தன் குரலில் வரும் அழுகையெல்லாம் பொய் என்று அவளேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சன்னல் வழியே எதிர்வீட்டுத் தங்கபாண்டி தெரிந்தார். அலறலைக் கேட்டு நின்றார். தூணைப் பார்த்தார். பச்சை. "மேடம் மெஷினைச் சோதிச்சுப் பாக்குதாக போல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கைபேசி சமையலறையில் கிடந்தது. புடவையில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. நறுமுகை, அம்மா ஏதோ விளையாடுகிறாள் என்று கைகொட்டிச் சிரித்தபடி அருகே வந்து உட்கார்ந்தாள். இந்தப் பிஞ்சுக் குரல் எந்தப் பொய்யையும் கற்றதில்லை.

"மன்னிச்சுக்கோடா தங்கம்" என்றாள் பியூலா. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் தொடையை அழுத்திக் கிள்ளினாள்.

நறுமுகை வீறிட்டாள்.

"வீறிடல்" என்றது ஓலமறி. சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் கதவை உடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மருத்துவப் பணியாளர் அல்ல. குழந்தைகள் காப்பு அதிகாரி இசக்கியம்மாள்.

"பிள்ளை மேல கைவச்சது யாரு?"

வலியின் நடுவிலும் பியூலாவுக்கு நெஞ்சு விம்மியது. விழுந்த அழுகை வேறு, பசித்த அழுகை வேறு, பெரியவர் கைபட்ட அழுகை வேறு. அவள் இயந்திரம் சரியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது! "நான்தான்" என்றாள். "காலு... பீரோவைத் தூக்குங்க" என்று முனகினாள்.

"நீலிக்கண்ணீர்" என்றது வாசல்.

இசக்கியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். "தூணு நடிப்புங்குதே, மேடம்."

அவள் கண்ணெதிரே இரத்தம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ தூணைத்தான் பார்த்தாள். அந்த நம்பிக்கையை ஊருக்கு ஊட்ட எத்தனை மேடைகள் ஏறியிருக்கிறோம் என்று பியூலா நினைத்தாள். அழுகையை விழுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மேடையில் பேசும் குரலில் சொன்னாள்: "அது கெடக்கு. நீங்க குனிஞ்சு பாருங்க."

இசக்கியம்மாள் குனிந்தாள். பார்த்ததும் குழந்தையை இறக்கிவிட்டாள். பீரோவுக்குத் தோள் கொடுத்தாள்.

கால் பிழைத்தது. மருத்துவமனைக் கட்டிலருகே உதவிப் பொறியாளர் அருள்தாஸ் தவித்தபடி நின்றான்.

"உங்க குரலை மட்டும் விலக்கிருவோம்க்கா. சின்ன வேலைதான்."

"என் குரலை விலக்கிரலாம். என்னைய மாதிரி அழுதவுக எத்தனை பேரோ? அவுக வீட்டு வாசல்ல பச்சை எரிஞ்சிருக்கும்லா?"

அவன் கைபேசியை எடுத்தான்.

"நீலிக்கண்ணீரை எடுத்துரு. எல்லாத் தூண்லயும். இப்பவே."

அவன் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினான். முகம் தொங்கியிருந்தது. "எடுத்தாச்சு. ஆனா ஒன்பது நாட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட மாட்டாங்களாம். மத்த சொல்லையெல்லாம் சும்மா குடுத்தாலும் வேண்டாமாம். அது ஒண்ணுதான் வேணுமாம்க்கா."

அத்தனை சொற்களையும் உலகம் வாங்க வந்திருப்பதாக அல்லவா பியூலா நினைத்திருந்தாள்! யாருக்கு உதவ வேண்டாம் என்று சொல்லும் ஒரு சொல்லைத்தான் அவர்கள் விலைபேசியிருக்கிறார்கள்.

"விக்கிறதுக்கில்லன்னு சொல்லிரு" என்றாள், தலையை நிமிர்த்தி.

பக்கத்துத் தெருவில் யாரோ அலறினார்கள். மெய்யா, நடிப்பா என்று பியூலாவுக்கே பிடிபடவில்லை. ஊர்தி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.