திறந்து வைத்த பின்வாசல்

கம்ப்யூட்டர் ஆட்டத்தை நிறுத்தி வைத்த பிறகும் அதன் பாட்டில் அந்த ஒற்றை வாத்திய நரம்பு மட்டும் இழுபட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் ஓட்டுநர் தலையைச் சாய்த்துக் கேட்டார். திரையில் கோட்டை அசையாமல் நின்றது. குழலும் மணியும் மத்தளமும் சொன்ன பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டன. இது மட்டும், யாரோ வில்லை வைத்து மெல்ல மெல்ல இழுப்பது போல, முனகலுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோவாக, மழை வரப்போகும் சாயங்காலத்தின் புழுக்கத்தோடு கலந்து அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. “ஸ்பீக்கர் மக்கர் பண்ணுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பஸ் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதிலிருந்து அவருக்கு மாடி அறைதான் கதி. மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே பொழுது போகும். மனைவி நர்ஸ், இந்த வாரம் மாலை ஷிப்ட். மச்சினன்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்து கோட்டை கட்டும் இந்தப் புது ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். “விளையாட்டாம், விளையாட்டு! எனக்கென்ன பால் குடிக்கிற வயசா?” என்று சலித்துக்கொண்டவர்தான், மறுநாளே சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடந்தார்.

அதில் வரும் பாட்டுதான் ஆளை மயக்கியது. ஒரு வீடு கட்டினால் ஒரு வாத்தியம் சேரும். கொல்லன் வந்தால் மத்தளம், கோயில் எழும்பினால் மணி, குழந்தைகள் நடமாடினால் குழல். ஊர் பெருகப் பெருகப் பாட்டும் பெருகும். கண்ணை மூடிக் கேட்டாலே ஊர் சுகமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மதிலுக்கு வெளியே இருட்டில் ‘அது’ நெருங்கும்போது மட்டும் இந்த நரம்பு சேரும்.

அது என்னவென்று ஆட்டத்தில் காட்டவே மாட்டார்கள். இருட்டு கொஞ்சம் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

“மாமா, எல்லா வாசலையும் சாத்துனீங்கன்னா அது எங்க வேணா சுவரை உடைச்சிட்டு வரும்” என்று மச்சினன் சொல்லிக் கொடுத்திருந்தான். “ஒரு வாசலை வேணும்னே திறந்து வைங்க. அங்க சின்ன ஆளா ஒண்ணை நிறுத்துங்க. அதுக்குச் சின்னதுன்னா ஆசை, நேரா அங்கதான் வரும். சுத்தி வில்லுக்காரங்களை வச்சு அடிச்சிடலாம். வாசலைச் சாத்தாம மட்டும் அந்த ஆளைப் பின்னால இழுத்துடாதீங்க, பின்னாடியே வந்துடும். அப்புறம் இன்னொண்ணு...” அந்த இன்னொன்றைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மகள் வந்து மடியில் ஏறியிருந்தாள்.

இன்று அவர் ஒரு வேடிக்கை செய்தார். தன் வீட்டு அமைப்பிலேயே கோட்டையைக் கட்டினார். கூடம், அடுப்படி, மாடிப்படி, மேலே இந்த அறை. மாடியில் நின்ற பொம்மைக்கு ‘ஓட்டுநர்’ என்று பெயர். மனைவிக்கென்று வைத்து வெளியூருக்கு அனுப்பிய பொம்மைக்கு ‘மேலதிகாரி’. அவள் பார்த்தால் தோலை உரித்துவிடுவாள். இருப்பதிலேயே சின்ன பொம்மைக்கு மகளின் செல்லப் பெயர், ‘வாலு’. பின்வாசலைத் திறந்து வாலுவை அங்கே நிறுத்தினார். சின்ன ஆள் வேண்டுமே.

நரம்பு இன்னும் நிற்கவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

அப்போதும் நிற்கவில்லை.

கை வயரைப் பிடித்தபடியே இருந்தது. சத்தம் இப்போது மேஜையிலிருந்து வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. கீழேயிருந்து வந்தது. பின்பக்கத்திலிருந்து. கூடவே ஈரமண் வாடை, மழை இன்னும் ஒரு சொட்டுகூட விழாமலே.

“வாலு!” என்று கத்தினார். “எங்கடா இருக்க?”

“பின்வாசல்ல இருக்கேன்பா.”

“அங்க என்ன பண்ற?”

“நீங்கதானே நிக்கச் சொன்னீங்க!”

“நான் எப்பம்மா சொன்னேன்? கதவைச் சாத்திட்டு உள்ள வா!”

“வர முடியலப்பா. காலு நகர மாட்டேங்குது.” குரல் உடைந்தது. “அப்பா, வெளிய ரொம்ப இருட்டா இருக்குப்பா.”

வெளியே இன்னும் இருட்டவில்லை. அவர் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

எழப் பார்த்தார். மாவுக்கட்டு முக்காலியில் இடித்து வலியில் உயிர் போனது. ஊன்றுகோலை மத்தியானமே மகள் குதிரை ஓட்டக் கொண்டுபோயிருந்தாள். தவழ்ந்து படியிறங்கிப் போவதற்குள்... நரம்பு இறுகியது. முன்பைவிடக் கிட்டத்தில். ஆட்டத்தில் வில்லுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

திரையைப் பார்த்தார். சின்ன பொம்மை வாசலில் நின்றது. அதன் முன்னால் இருட்டு.

என் பிள்ளையை நானே நிறுத்தினேன். கடவுளே, நானே.

மவுஸைப் பிடித்தார். நிறுத்தி வைத்த ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டார். வாலுவைத் தொட்டு மாடி அறையைக் காட்டினார்.

கீழே தடதடவென்று காலடிச் சத்தம். அடுப்படி. கூடம் தாண்டி. படி. “அப்பா! அப்பா!”

“வாடா தங்கம்! ஓடி வா!”

காலடிக்குப் பின்னால் நரம்பும் படியேறியது.

வாசல். வாசலைச் சாத்தவில்லை. பதறிப்போய் பின்வாசலைத் தொட்டார். கீழே கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வீடே அதிர்ந்தது.

மகள் பாய்ந்து உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. “தாழ்ப்பாள் போடு!” என்றார். எக்கி எக்கிப் போட்டாள். ஓடி வந்து மடியில் விழுந்தாள். இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவள் நெஞ்சு குருவி நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது.

நரம்பு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “போயிடுச்சுடா கண்ணு. அவ்வளவுதான். போயிடுச்சு.” அவள் தலையில் முத்தம் கொடுத்தார். இந்தக் கருமம் பிடித்த ஆட்டத்தை இன்றே அழித்துவிட வேண்டும். மச்சினன் வரட்டும், காதைத் திருகி...

மச்சினன்.

அப்புறம் இன்னொண்ணு மாமா, என்றானே. அன்று காதில் விழுந்தும் விழாமலும் போனது இப்போது முழுசாக ஞாபகம் வந்தது.

“அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் பயமில்ல. அது நம்ம ஆளு இருக்கற அறைக்கு வெளிய இருக்குன்னு அர்த்தம். உள்ள வந்துட்டா சத்தம் நின்னுடும்.”

மகள் அவர் தோளுக்கு மேலே, அவருக்குப் பின்னால், எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவே இல்லை.

“அப்பா” என்றாள், மெதுவாக. “திரும்பாதீங்க.”

திரையில் மாடி அறை. ஓட்டுநர். வாலு. இருவரையும் சுற்றி இருட்டு.

அவர் மகளின் முகத்தைத் தன் சட்டைக்குள் அழுத்திக்கொண்டார். ஈரமண் வாடை பிடரியில் பட்டது.

மாவுக்கட்டுக் கால் முக்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அசையவில்லை. நாற்காலியின் சக்கரங்கள் உருண்டன. திரை கொஞ்சம் தள்ளிப் போனது. இன்னும் கொஞ்சம். மெதுவாக, அவசரமே இல்லாமல், நாற்காலி பின்னால் போய்க்கொண்டிருந்தது.