எதிரொலி இல்லாத பள்ளத்தாக்கு

அண்ணி கம்பித் தடுப்பில் சாய்ந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஓய்!" என்று கத்தினாள். எதிரே செங்குத்தாக நின்ற பாறைச் சுவர் எதையும் திருப்பித் தரவில்லை.

"என்னடி இது, பதிலே காணோம்? என்ன காதுக்காரி, உனக்காவது கேட்டுச்சா?"

காதுக்காரி என்பது அண்ணி தன் நாத்தனாருக்கு வைத்த பெயர். மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, யாருக்கு எது கேட்கிறது என்று குறித்துக்கொள்பவள். அதனாலோ என்னவோ, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு குறுகலான இடுக்கில், இரண்டு பக்கமும் வெறும் பாறை நிற்கும்போது, கத்திய குரல் திரும்பாமல் இருக்காது. பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல் அது எங்கோ அமுங்கிப் போயிருந்தது.

"காத்து அடிக்குதுல்ல அண்ணி, அதான்" என்றாள். ஓர் இலைகூட அசையவில்லை.

இரண்டு பேரும் ஆளுக்கொரு நாள் லீவு போட்டு, அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வார நாள், மதியம். தேசியப் பூங்காவின் நடைபாதை பாறையைக் குடைந்து, ஆற்றுக்கு மேலாக வளைந்து வளைந்து போனது. கீழே வெகு ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர். அதன் இரைச்சலோடு ஈரப்பாசியின் வாசனையும் வெயிலில் காய்ந்த கல்லின் சூடும் ஒன்றாகக் கலந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. அண்ணி கணக்கு டீச்சர். மைக்கை முழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று அண்ணன் கேலி செய்யும் தொண்டை. ஒவ்வொரு வளைவிலும் நின்று ஒரு "ஓய்!" போட்டாள். ஒன்றும் திரும்பவில்லை.

நான்காவது வளைவில் அந்த "ஓய்" கொஞ்சம் கரகரத்தது.

"தண்ணி குடிங்க அண்ணி. போதும், கத்தாதீங்க."

"நாள் முழுக்க நாப்பது பிள்ளைங்களைக் கத்தி மேய்க்கிறவ நான். இதுக்கா தொண்டை கட்டும்?" என்றாள் அண்ணி. பாதி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன.

அப்போதுதான் கீழே யாரோ சிரித்தார்கள்.

அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர். உருண்டைக் கற்கள். மனிதர் கால் வைக்க வழியே இல்லாத சரிவு. சிரிப்பு மறுபடி கேட்டது, இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு முடியும் சிரிப்பு. அந்த விக்கல் அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.

அவள் மெல்லத் திரும்பினாள். அண்ணி வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. அண்ணி தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமலுக்கும் சத்தம் இல்லை. தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் கொட்டியது, ஓர் அழுகை முழுதாக அந்த முகத்தில் நடந்து முடிந்தது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை.

"காதுக்காரி!" என்று ஆற்றிலிருந்து அண்ணியின் குரல் கூப்பிட்டது. "எங்கடி இருக்கே? பதில் சொல்லேன்!"

'அண்ணி' என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. அண்ணியின் கை பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தியது. வேண்டாம், வேண்டாம் என்று அண்ணி தலையை ஆட்டினாள்.

வந்த வழியே திரும்பினார்கள். தவறிக்கூடக் குரல் வெளியே வராதபடி அவள் கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லிடையில் கடித்துக்கொண்டாள். நுழைவாயில்வரை இரண்டு கிலோமீட்டர். கீழேயிருந்த குரலும் கூடவே வந்தது. முதலில் கெஞ்சியது. பிறகு கோபித்தது. பிறகு அதனோடு வேறு குரல்களும் சேர்ந்தன: ஓர் ஆண், ஒரு கிழவர், பல் விழுந்த வாயால் பேசுவதுபோல் ஒரு குழந்தை. எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். காதுக்காரி. காதுக்காரி. தூரத்தைக் காது அளந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மட்டத்தில் இருந்தவை இப்போது பாதிச் சரிவில். இப்போது நடைபாதைக்குச் சற்றுக் கீழே.

அவள் கீழே பார்க்கவில்லை. நடந்தாள். அண்ணியின் மணிக்கட்டை விடவில்லை.

கடைசி வளைவைத் திரும்பியபோது, முன்னால் ஐம்பது அடியில் ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, மஞ்சள் தொப்பி போட்ட ஆறு வயதுப் பெண். அப்பா மகளைத் தூக்கித் தடுப்பின் கீழ்க்கம்பியில் நிறுத்திப் பிடித்திருந்தார்.

"இங்க நின்னு கத்துனா மலை திருப்பிச் சொல்லும், பாரேன்" என்றார். "எங்க, உன் பேரைச் சொல்லு."

அவள் அண்ணியின் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினாள். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தாள். அவள் அவர்களை நோக்கி ஓடினாள். சரளைக் கல் வழுக்கியது. முழங்கால் தரையில் மோதியது. குழந்தை கைகளைக் குவித்து வாயருகே கொண்டுபோனது.

நேரமில்லை.

கைக்குட்டையை உருவி எறிந்தாள். அண்ணி பின்னாலிருந்து அவள் தோளை இழுத்தாள். உதறிவிட்டாள். நெஞ்சில் இருந்த மூச்சு மொத்தத்தையும் திரட்டி, 'பாப்பா, கத்தாதே!' என்று அலறினாள்.

தொண்டை கிழிந்தது. வலித்தது. காதில் ஒன்றும் விழவில்லை.

ஆற்றின் இரைச்சல் நின்றிருந்தது. கம்பித் தடுப்புக்குக் கீழே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்திலிருந்து, அவளுடைய குரல் தெளிவாக, கனிவாகப் பேசியது.

"கத்து பாப்பா. அப்பாவையும் அம்மாவையும் கூடச் சேர்ந்து கத்தச் சொல்லு."

குழந்தை சந்தோஷத்தில் துள்ளியது. "அப்பா, மலை பேசுது!"

மூன்று பேரும் தடுப்பின் மேல் குனிந்து, ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.