சீம்பால்

குழந்தைக்குப் பசிக்கவே இல்லை.

காலையில் பீய்ச்சி ஸ்டீல் டம்ளரில் ஊற்றித் தட்டுப் போட்டு மூடிவிட்டுப் போன பால், ஃபிரிட்ஜில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஹெலன் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், பக்கத்துப் போர்ஷன் முத்தம்மாளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தாள். மூன்று மாதப் பிள்ளை. விடிகாலையில் குடித்தது, இப்போது பொழுது சாயப்போகிறது. காலேஜிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் அவளுக்கு மார் இரண்டும் கல்லாகக் கட்டி, வெள்ளைக் கோட்டுக்கு அடியில் சுடிதார் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை பாய்ந்து பிடிப்பான் என்ற ஒரே நினைப்பில்தான் அத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டு வந்தாள். அவன் என்னடாவென்றால் வயிறு நிறைந்தவன் தூங்குகிற தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கே பேஜாராத்தான் கீது ஹெலனு," என்றாள் முத்தம்மாள். "பாலாடைய வாய்ல வச்சா தலைய திருப்பிக்கினு தூங்குறான். நேத்தும் இப்டித்தான். வயித்த தொட்டுப் பாரு, கிண்ணுனு கீது."

"வேற எதுனா குடுத்தியாக்கா? சர்க்கரத் தண்ணி, கிரைப் வாட்டரு?"

"உன்ன கேக்காம குடுப்பனா? டாக்டருக்குப் படிக்கிறவ நீ."

ஹெலன் பிள்ளையை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள். முகத்தோடு முகம் வைத்தாள். அவன் கடைவாயில் ஏதோ காய்ந்திருந்தது. விரலால் வழித்தாள். கெட்டியாக, பிசுபிசுவென்று, மஞ்சளாக வந்தது. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் படித்திருக்கிறாள், வார்டில் பார்த்திருக்கிறாள், மூன்று மாதத்துக்கு முன்னால் தன் மாரிலேயே பார்த்தாள். சீம்பால். பெற்ற நாலைந்து நாளைக்கு மட்டும் தாய்க்குச் சுரக்கிற முதல் பால். அவளுக்கு அது நின்று எத்தனையோ நாளாகிறது. இந்த லைன் வீடுகளில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் கிடையாது.

முகர்ந்து பார்த்தாள். பால் வாசனைக்கு அடியில் ரத்த வாசனை இருந்தது.

ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த யேசுதாஸிடம் சொன்னாள். அவள் புருஷன், சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் எதையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவன்.

"வயிறு ரொம்பிச்சு, தூங்குறான். அப்றம் இன்னா? அழாம கீறான்னு சந்தோசப்படாம. நீ பரீட்சைக்குப் படி ஹெலன்."

படிக்கத்தான் வேண்டும். செங்கல் சூளையில் கல் அறுத்த குடும்பத்திலிருந்து எம்.பி.பி.எஸ். வந்தவள் அவள். கடைசி வருஷத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வார்டில் நின்றபோது காலேஜே அவளை ஒரு மாதிரி பார்த்தது. டாக்டராகணுமா அம்மாவாகணுமா, முதல்ல அத முடிவு பண்ணும்மா என்று புரொஃபசர் மேடம் எல்லார் முன்னாலும் கேட்டார். ரெண்டும்தான் மேடம் என்று சொல்ல வாய் வரை வந்தது, குனிந்து கேஸ் ஷீட்டை எழுதினாள். பிரசவத்துக்குப் போன நாட்களுக்கு ஈடாக லேபர் வார்டில் கூடுதல் டூட்டி போட்டார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இனி ஒரு பிராக்டிகல்தான் பாக்கி. அதை விட்டால் ஆறு மாதம் போய்விடும், ஆறு மாதம் போனால் திரும்பி வருவாளா என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

அன்றைக்கு ராத்திரியும் அவன் குடிக்கவில்லை. காம்பை வாயில் வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டான். மறுநாள் தூக்கும்போதே கைக்குத் தெரிந்தது. வயிறு மட்டும் உப்பி, கை கால் வற்றி, பிள்ளை லேசாகிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. இதைப் பயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது.

காலேஜ் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தைகள் பிரிவில் இருந்த வீரராகவன் சார் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "வெயிட் எறங்கிக்கிட்டே போகுதேம்மா. ஒழுங்கா ஃபீட் பண்றியா, இல்ல புக்கும் கையுமா இருக்கியா?" என்றார். சீம்பாலைப் பற்றிச் சொன்னாள். அவர் அவள் கண்ணுக்கடியில் இருந்த கருப்பைப் பார்த்தார். "தூங்கி எத்தன நாளாச்சு? எக்ஸாம் முடியட்டும். எல்லாம் சரியாயிடும்."

திரும்பி வரும் வழியில் லேபர் வார்டு ஆயா கன்னியம்மா எதிரே வந்தாள். பிள்ளையைக் குனிந்து பார்த்தவள், கொஞ்ச வந்த கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொன்னனேம்மா," என்றாள். "நீ சிரிச்சிக்கினு போயிட்ட."

அன்றைக்கு. ஹெலன் அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நாளும் பார்த்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவள், பெயர் சோனியா. பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. அது தெரியாமல், துணி சுற்றித் தள்ளி வைத்திருந்ததைப் பார்த்து, "என் நைனா, என் புள்ள, ஏன் அழல, பசிக்கும், எங்கிட்ட குடும்மா" என்று தெலுங்கு வாடையோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. யார் யாரோ ஓடினார்கள், என்னென்னவோ செய்தார்கள், நிற்கவில்லை. ஹெலனின் வேலை கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நின்றாள். எல்லாரும் விலகிப் போன பிறகும் அந்தக் கை அவள் கையில்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மார் கனத்து வலித்தது, வீட்டில் பிள்ளை அழுவான். யாரிடம் விடைபெற்றாலும் வாயில் தானாக வருகிற வார்த்தைதான் வந்தது.

"போய்ப் பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வரேன்க்கா."

பின்னாலிருந்து கன்னியம்மா, "யாராண்ட சொல்ற? அது போயி எவ்ளோ நேரமாச்சு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழவு ஊட்லயே யாரும் வரேன்னு சொல்ல மாட்டாங்க, சொல்லாம கொள்ளாம எழுந்து வருவாங்க. நீ செத்தவ கையப் புடிச்சிக்கினு வரேன்னு சொல்ற. அதுவும் பாலு குடுக்கறேன்னு சொல்ற" என்றாள். கட்டிலில் சோனியாவின் ஜாக்கெட் முன்பக்கம் இரண்டு இடத்தில் மஞ்சளாக நனைந்திருந்தது. உயிர் போனது உடம்புக்குத் தெரியாமல் பால் வந்திருந்தது. ஹெலன் சிரித்தது மாதிரி ஏதோ செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை. யேசுதாஸ் டபுள் டூட்டி. முத்தம்மாளை இன்றைக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஹெலன் கதவைத் தாழ்போட்டு, தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். இன்றைக்கு இந்த ரூமுக்குள் ஈ எறும்பு நுழையக் கூடாது. அவளுக்குக் காய்ச்சல் வேறு அனலாகக் காய்ந்தது, பால் கட்டிய காய்ச்சல். பாயில் பிள்ளையைப் போட்டு, பக்கத்திலேயே சம்மணமிட்டு, மடியில் புத்தகத்தை விரித்தாள். சிமெண்ட் ஷீட் கூரை மேல் மழை கொட்டியது, மில்லிலிருந்து பழுத்த இரும்பின் வாடை ஈரத்தோடு ஜன்னல் வழியாக வந்தது, எங்கோ லாரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு உறுமியது, இத்தனைக்கும் நடுவில் பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு என்ற பாடத்தை அவள் நாலாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு வரி படித்திருப்பாள்.

ச்சப். ச்சப்.

நிமிர்ந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். உதடு ஈரமாக இருந்தது.

மழைச் சத்தம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தாள். கண் எழுத்தைத் தொட்டதும் அதே சத்தம், பொறுமையாக, நிதானமாக, அவசரமே இல்லாத ஒரு பிள்ளை குடிக்கிற சத்தம். நிமிர்ந்தால் நின்றது. குனிந்தால் வந்தது. அவள் படிக்கிற நேரமெல்லாம் யாரோ அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

புத்தகத்தை மூடி எட்டித் தள்ளினாள். பிள்ளையை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பழைய துணி மூட்டைக்குக்கூட இதைவிடக் கனம் இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. வெட்கம் பார்க்காமல், வெறும் அறையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"தெரியாம சொல்ட்டேன்க்கா. பழக்க தோசம்க்கா. நான் வரல. உங்கிட்ட எப்பவும் வரல. இவன உட்டுடு. பரீட்ச போனா போட்டும், நான் படிக்கல, இவன மட்டும் உட்டுடுக்கா."

சொல்லக் கூடாத வார்த்தையையும் சொன்னாள்.

"போறேன்க்கா. நான் போறேன்."

ஒன்றும் நடக்கவில்லை. சாரல் ஜன்னல் வழியாக அடித்துப் பாயெல்லாம் நனைந்தது. பிள்ளையைச் சுவரோரம் காய்ந்த இடத்தில் கிடத்திவிட்டு எழுந்துபோய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. இருந்த கொஞ்ச வெளிச்சமும் கதவுக்கடியில் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டது.

அழுகை கேட்டது.

மெலிசாக, மூச்சு முட்டி முட்டி, பசிக்கு அழுகிற அழுகை. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. "என் கண்ணு, என் ராசா, இதோ வந்துட்டன்டா" என்று முட்டிபோட்டுத் தடவிக்கொண்டே போனாள். கையில் துணிப் பொட்டலம் தட்டுப்பட்டது. தூக்கினாள். கனமாக இருந்தான். கடவுளே, கனமாக இருந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாரில் வைத்தாள், வைத்த வேகத்தில் பிடித்துக்கொண்டான்.

குடித்தான். கல்லாகக் கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, தோளிலிருந்து விலா வரைக்கும் இருந்த இறுக்கம் அவிழ்ந்தது, கண்ணீர் தாடை வழியாக இறங்கி அவன் மேல் சொட்டியது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். பெற்றபோதுகூட இத்தனை சந்தோஷப்படவில்லை. விட்டுவிட்டாள், பாவம், நல்லவள், விட்டுவிட்டாள் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் பரீட்சைக்குப் போகலாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் படித்துவிடலாம்.

வாய் ஜில்லென்று இருந்தது.

மழை ஈரமாக இருக்கும். துணியை இழுத்துப் போர்த்தினாள். துணி முரட்டுத்துணி. வீட்டுத் துணி இல்லை.

குடிக்கிற பிள்ளை மூக்கால் மூச்சு விடும். மாரில் சூடாகப் படும். படவில்லை.

கையை உள்ளே விட்டு முதுகைத் தொட்டாள். தோல் நழுவியது.

ச்சப். ச்சப்.

சத்தம் மடியிலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. குடித்து முடிக்கிற நேரத்தில் தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல் வைப்பான் அவள் மகன். அந்த முனகல். அங்கிருந்து.

கரண்ட் வந்தது. ட்யூப் லைட் விட்டு விட்டு எரிந்தது.

பீரோவுக்கு முன்னால், தரையில் காலை நீட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி இடுப்புக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஹெலனின் மகன் அவள் மாரில் இருந்தான், சொக்கிப்போய், கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு. ஹெலன் எழப்பார்த்தாள். மடியில் இருந்தது விடவில்லை. அது ஈறால் இறுகப் பிடித்திருந்தது. நீல உதடு. திறக்காத கண். ஹெலனின் பால் அதன் இரண்டு கடைவாயிலும் வழிந்துகொண்டிருந்தது. பிடுங்கி எறியக் கை போனது. கை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

"நல்லா குடிக்கிறானா என் நைனா?" என்றாள் சோனியா. ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நீ படிம்மா. நாளைக்குப் பரீட்ச இல்ல? இவன நான் பாத்துக்கறேன்."

ஹெலன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. சோனியா அவனை அலுங்காமல் எடுத்து, தலையைக் கையில் தாங்கி, அடுத்த மாருக்கு மாற்றிக்கொண்டாள்.