மூன்றாம் இயந்திரத்தின் வயிற்றில்

நாரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த அந்தப் பழைய நீர்மின் நிலையத்துக்குப் புருலாய் புதிய பொறியாளராக வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. ஜனவரிக் குளிர். இமை மயிரில்கூடப் பனி ஒட்டியிருந்தது. நிலையத் தலைவர் தோக்தோசுன் தேநீரையும் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளையும் அவள் பக்கம் தள்ளினார்.

"பிஷ்கெக் பொண்ணா? நல்லாச் சாப்பிடு. இல்லைன்னா இங்க காத்தே தூக்கிட்டுப் போயிடும்."

"தூக்கட்டும் அண்ணே. நான் வந்த பஸ்ஸுக்கு அதுவே தேவலை."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பழுதுபார்க்கத் தண்ணீர் வடித்து வைத்திருந்த மூன்றாம் இயந்திரத்தைப் பற்றி அவள் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது.

"அங்க தனியாப் போகாதே."

நண்பகலில் நாடு முழுவதும் ஒரே நொடியில் மின்சாரம் போனது. எங்கோ ஒரு பெரிய கம்பி அறுந்ததில் ஒன்றையடுத்து ஒன்றாக எல்லா நிலையங்களும் விழுந்தன. இங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களும் முனகி நின்றன. பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்குகள் மட்டும் மிச்சம்.

தலைநகர் பிஷ்கெக்கின் மின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி அலறியது.

"அனல் நிலையம் தானா எழும்பாது, அதுக்கே முதல்ல கரண்ட் வேணும். உங்களுக்குத் தண்ணி போதும். மூணாவதைக் கிளப்புங்க! ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஒரு மணி நேரந்தான் தாங்கும்."

மூன்றாவது ஒன்றைத்தான் வெளி மின்சாரம் இல்லாமல் கையால் கிளப்ப முடியும். அதிலும் எண்ணெய்த் தொட்டியில் இருந்த அழுத்தம் நீர்க்கதவை ஒரே ஒரு தடவை தூக்கத்தான் காணும்.

இருவரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். துரு வாசனை, சேற்று வாசனை. அதற்கும் அடியில், இப்போதுதான் பற்றவைத்தது போல இரும்பு கருகும் வாசனை.

மூன்றாம் இயந்திரத்தின் குழிக்குள் போகும் இரும்பு வாசல் மூடியிருந்தது; அதற்கு உள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

"உள்ள ஆள் இருக்காங்க அண்ணே!"

"எல்லாரையும் எண்ணியாச்சு. ஒருத்தனும் இல்லை. நீர்க்கதவைத் தூக்கு."

"மாட்டேன். உள்ள பாக்காம நான் தூக்க மாட்டேன்."

தோக்தோசுன் வாசலைவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். "போன தடவையும் இப்படித்தான் தட்டினான்" என்று முணுமுணுத்தார்.

"யாரு?"

"மெதெர்பெக். வெல்டிங் பத்தவைக்கிறவன். அன்னைக்கும் நாடே இருட்டு. அவன் உள்ளேயிருந்து ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்க நேரமில்லை, தண்ணியைத் திறந்துட்டேன்... குடிச்சிட்டு ஆத்துல விழுந்தான்னு எழுதினேன். அவன் குடிக்கவே மாட்டான்."

மறுபடியும் தட்டல்.

"செத்தவன் எப்படிடா தட்டுவே!" என்று கத்தியபடி வாசலை இழுத்துத் திறந்து, டார்ச்சோடு உள்ளே குனிந்து போனார்.

வாசல் தானே சாத்திக்கொண்டது; புருலாய் இழுத்தும் அசையவில்லை.

நீர்க்கதவைத் தூக்கும் நெம்புகோல், யாரும் தொடாமலே, மெல்ல மேலே ஏறியது.

தண்ணீர் இரைந்தது.

"புருலாய்! மூடு! மூடும்மா!"

இப்போது தட்டியது தோக்தோசுன். நீர்க்கதவை இறக்கும் சிவப்புப் பொத்தானில் அவள் விரல் இருந்தது. இன்னொரு காதில், கீழ்த்தளத் தொலைபேசியில் பிஷ்கெக்: "கதவு ஏறுதா? விட்டுடாதீங்க! ஆஸ்பத்திரியில குழந்தைங்க இருக்கு!"

இப்போது இறக்கினால் மறுபடி ஏற்ற முடியாது.

அவள் விரலை எடுத்தாள்.

அலறல் ஒன்று சுழற்சிக்குள் சுருண்டு மறைந்தது. இயந்திரம் வேகம் பிடித்தது. அதன் மின்சாரத்தில் மற்ற இரண்டும் விழித்தன, பிறகு அனல் நிலையம், பிறகு நகரங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையும் சாகவில்லை. அன்று முழுவதும் மூன்றாவது மட்டும் அளவுமானியின் முள்கூட அசையாமல் சீராக ஓடியது.

தோக்தோசுன் கால் தவறி ஆற்றில் விழுந்ததாக விசாரணையில் எழுதினார்கள். என்ன சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புருலாயும் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடியபோது மேசையிலிருந்த உள்தொலைபேசி அடித்தது. அழைப்பு மூன்றாம் இயந்திரத்தின் குழியிலிருந்து. அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே மனிதர் யாரும் நிற்க முடியாது.

எடுத்தாள். தண்ணீர் இரைச்சல். அதற்கு நடுவே ஈரமான, நிதானமான ஆண் குரல். தோக்தோசுனின் குரல் இல்லை.

"நீயும் பொய்தானே எழுதினே, புருலாய்? அடுத்த தடவை கரண்ட் போறப்ப, உள்ள வந்து பாரு."