உக்கிராணத்தில் ஒரு சூரியன்

புடவையின் மேல் அந்த வெளிச்சம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று ஸரஸாவுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தவள் தொண்டை வறண்டு ஒரு கணம் நிறுத்தினாள், கண்ணைத் திறந்தாள், வயிற்றின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. இன்றைக்கு, இந்த அறையில், அவள் மேல், அது இருக்கவே கூடாது.

கிரஹணம் விடுகிற வரைக்கும் கர்ப்பிணி மேல் ஒரு பொட்டு வெயில் படக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதற்காகத்தான் வீட்டின் நடுவில், ஜன்னலே இல்லாத உக்கிராண உள்ளில், அரிசி மூட்டைகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே மணை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். ஜாடி மூடிகளின் மேல் தர்ப்பை கிடந்தது. கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்திருந்தார்கள். புளி, வெல்லம், மிளகாய் வற்றல், அடியில் எங்கோ செத்துக் காய்ந்த எலி, இத்தனை வாசனையும் இருட்டில் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. அவளுக்கு இது ஏழாம் மாதம். அவள் மாமியார் ரங்கம்மா விடியலிலேயே கிரஹண ஸ்நானத்துக்கு ஸ்ரீரங்கபட்டணம் போய்விட்டாள். போகும்போது மகனிடம் சொன்னது ஒன்றுதான். "வெளியில தாப்பாள் போட்டுடுடா. மறதியில எழுந்து வந்துடப் போறா."

ஸரஸா அதற்குச் சந்தோஷமாகத்தான் தலையாட்டினாள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவதையாவது கையில் ஏந்த வேண்டும். அதற்காக ஒரு வருஷம் பூட்டி வைத்தாலும் கிடப்பாள்.

மேலே ஓட்டில் விரிசல் இருந்தது வாஸ்தவம். மழை பெய்தால் சொட்டும். அதை நேற்று அடைத்தவர் அவள் கணவர் செலுவநாராயணன். காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர், சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஆளைக் கூப்பிடுகிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கூரை ஏறினார். கிரஹணமாவது பாம்பாவது என்று சிரிக்கிற மனுஷர். சந்திரனுக்கே ராக்கெட்டில் ஆள் போகப்போகிற காலம் இது, பூமியைச் சுற்றிப் பறக்கவிட ஓர் உலோகப் பந்தே செய்யப் பார்க்கிறார்கள் என்று படுக்கையில் மணிக்கணக்காகப் பேசுவார். பாதி புரியாவிட்டாலும் அந்தக் குரலுக்காகவே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பேர்ப்பட்டவர் எனக்காக ஓடு ஏறினாரே என்று நேற்று ராத்திரி அவளுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

விரிசலில் அடைத்த துணி நகர்ந்திருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கையால் தட்டிவிட நினைத்தாள், தைரியம் வரவில்லை. கிரஹணம் பிடித்திருக்கும்போது உடம்பைச் சொறியக்கூட விடமாட்டார்கள், குழந்தைக்கு அங்கே தழும்பு விழும் என்பார்கள். பாசுரத்தை விட்ட இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

லக்ஷ்மீபுரத்துத் தெருவில் இந்த நேரத்துக்கு ஜட்கா ஓடும், பூக்காரி கூவிக்கொண்டு போவாள், பக்கத்து வீட்டில் தோசைக்கல் சத்தம் கேட்கும். இன்று ஓர் அடுப்பும் பற்றவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொல்லைப் பலா மரத்தில் காக்கைகள் ஒருமுறை, சாயங்காலம் அடையும்போது கத்துவது மாதிரி, கத்தி ஓய்ந்தன.

அப்போதுதான் பார்த்தாள். வட்டம் வட்டமாக இல்லை.

ஓர் ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பள்ளம் ஆழமாகியிருந்தது. அப்பளத்தைக் குழந்தை கடிக்கிற மாதிரி அது மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏன்னா."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"மேலேந்து வெளிச்சம் விழறது. என் மேலயே விழறது. ஓடு சரியா அடையலை போலிருக்கு."

"தெரியும்," என்றார். "எந்த ஓரம் தேய்ஞ்சிருக்கு, சொல்லு."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. நேற்று காலை இதே நேரத்தில் அவர் சுண்ணாம்புக் கட்டியோடு இந்த அறைக்குள் வந்து தரையில் என்னவோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். இன்று மணையை அந்தக் கோட்டின் மேல் இழுத்துப் போட்டு, இங்கேயே உட்காரு, நகராதே, இங்கேதான் காற்று வரும் என்றார். ஜன்னல் இல்லாத அறையில் ஏது காற்று? அதைக்கூட நான் யோசிக்கவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"அடைச்சுட்டேன்னு சொன்னேளே."

"அடைச்சிருக்கேன். தகரம் வெச்சு. நடுவுல ஸ்வல்பமா ஒரு ஊசி ஓட்டை போட்டிருக்கேன்." குரலில் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "இருட்டு உள்ளுல சின்ன ஓட்டை இருந்தா சூரியன் அப்படியே படமா வந்து விழும், ஸரஸா. இலங்கையில முழு கிரஹணம் பாக்கப் பெரிய பெரிய டெலஸ்கோப்பெல்லாம் வெச்சுண்டு உலகமே காத்துண்டிருக்கு. நீ மடியில வெச்சுண்டு பாக்கறே."

"கதவைத் திறங்கோ."

"இப்பத் திறந்தா படம் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ. குழந்தை நன்னாப் பொறக்கும். பொறந்ததும் காலேஜ் கூட்டத்துல சொல்லப்போறேன், கிரஹணம் நேரா வயத்து மேலயே பட்டது, ஒண்ணும் ஆகலைன்னு. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

"ரெண்டு போயிடுத்தே. மறந்துட்டேளா?"

"அதுக்கும் கிரஹணத்துக்கும் என்னடி சம்பந்தம்," என்றார் மெதுவாக, அந்த இரண்டு முறையும் அவள் தலையைத் தடவிக்கொடுத்த அதே குரலில்.

அந்தக் குரல்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவி, எனக்காக ஓடு ஏறினார் என்று நினைத்தேனே. கதவை இரண்டு கையாலும் அடிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போது உள்ளே எழுந்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த குழந்தை உதைப்பதை நிறுத்தியிருந்தது.

மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மணையை விட்டு விலகி, ஊறுகாய் ஜாடிகள் பக்கமாகப் போய், சுவரோடு சுவராக நின்றாள். மேலே தகரத்திலிருந்து நூல் போல இறங்கிய வெளிச்சம் இப்போது காலி மணையின் மேல் விழுந்தது. பலகையில் பிறையாக, சின்னதாக, சொன்ன இடத்தில் கிடந்தது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

குனிந்து பார்த்தாள்.

அவள் வயிற்றின் மேலும் இருந்தது.

மணையின் மேல் ஒன்று. அவள் மேல் ஒன்று.

தலைப்பை இழுத்து மூடினாள். தலைப்பின் மேலே தெரிந்தது. இன்னொரு மடிப்பு போட்டாள். அதன் மேலும் தெரிந்தது. தழும்பு விழுந்தால் விழட்டும் என்று உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். வெயில் மேலிருந்து விழுந்தால் புறங்கையில்தானே விழ வேண்டும். புறங்கை இருட்டாக இருந்தது. விரல் இடுக்குகள் மட்டும் சிவந்தன. விளக்கைக் கையால் பொத்தினால் சிவக்குமே, அப்படி.

கத்த வாயைத் திறந்தாள். யாரைக் கூப்பிடுவது? கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ. மணையின் மேலிருந்த பிறை தடித்தது, பாதியானது, முக்காலானது. பலா மரத்தில் ஒரு காக்கை கத்தியது, பிறகு எல்லாமே கத்தின. கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டது. அவர் தலையில் தண்ணீர் கொட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது, கிரஹணம் விட்டது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம். நம்பிக்கை இல்லாதவர், அம்மா வந்து கேட்பாளே என்று குளிக்கிறார். தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. ஸரஸா வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெளிச்சம் கூடவில்லை. இன்னும் மெலிந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாள் விலகியது. ஈரத்தலையோடு, முகமெல்லாம் சிரிப்பாக, அவர் உள்ளே வந்தார்.

"விட்டாச்சு. பாத்தியா, மணை மேல பாரு, முழு வட்டம். உனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும்..."

அவள் தலைப்பை விலக்கினாள்.

அவர் மணையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். திரும்ப மணையைப் பார்த்தார். காலேஜ் வாத்தியார் அல்லவா, வாய் தானாகக் கணக்குப் போட்டது. "பிரதிபலிப்பு. ஜாடிலேந்து வர்றது. இரு." கையை நீட்டி, அவளுக்கும் ஜாடிகளுக்கும் நடுவே பிடித்தார். மறையவில்லை. ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். மணை இருண்டது. அவள் மேல் இருந்தது இருந்தபடி இருந்தது.

கடைசியில் கையை அவள் வயிற்றின் மேலேயே வைத்தார். அவர் விரல்களும் இடுக்கில் சிவந்தன.

"ஸரஸா," என்றார். குரலில் இப்போது சந்தோஷம் இல்லை.

கையை எடுக்கப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி அங்கேயே அழுத்தினாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருந்தது அவளுக்கே தெரியாது.

"பாக்கணும்னுதானே பண்ணினேள்," என்றாள். "நன்னாப் பாருங்கோ."

பிறை நூலானது. நூல் அறுந்தது. விரலிடுக்கில் சிவப்பு அணைந்தது.

அப்போது உள்ளே ஓர் உதை. இவ்வளவு நேரம் காணாத உதை. அவர் உள்ளங்கையின் நடுவில்.

பிறகு, வெளிச்சம் அணைந்த அந்தக் கறுப்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் பற்றியது. விரல்களுக்கு அடியில், தோலுக்கு அடியில், வளையத்துக்கு நடுவே இருந்த கறுப்பு அசைந்தது. கண் மாதிரி ஒருமுறை மூடித் திறந்தது. அவர் முகம் இருந்த பக்கமாக மெல்லத் திரும்பி, அவரைப் பார்த்து நின்றது.