மாட்டுக்கொட்டகையில் உடைந்த பல்பு

ஐயோவா, 1939 மார்ச். காலை ஆறரை மணி.

வெர்னா மாட்டுக்கொட்டகையில் மல்லாந்து கிடந்தாள். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கவிழ்ந்த முக்காலி, நொறுங்கிய பல்பு. கறக்காத பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன.

"கரண்டு தூக்கி அடிச்சிருச்சு ஐயா," என்றான் புருஷன் ஆரின், ஷெரீப் தார்ன்பர்க்கிடம். "பல்பு மாட்டுறேன்னு விரல ஹோல்டருக்குள்ள விட்டுட்டா."

வாசலில் மேட்டுப் பண்ணைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அரசாங்கக் கடனில் பள்ளத்துப் பண்ணைகளுக்கு மின்சாரம் வந்து ஒரு மாதம். மேட்டுக்கும் வர இருபது வீட்டுக் கையெழுத்து வேண்டும். வீடு வீடாக ஏறி அதை வாங்கியவள் வெர்னா. இன்று பத்து மணிக்கு அந்தக் கையெழுத்துத் தாளை வாங்க அரசாங்க ஆள் வருகிறார்.

"சாவுக்குல்ல கையெழுத்து வாங்கியிருக்கா மகராசி! எம்பேர அடிச்சிருங்கப்பா," என்றார் மேட்டு லட்விக்.

ஷெரீப் அண்ணாந்து பார்த்தார். விட்டத்தில் ஒரே ஹோல்டர். மின்சாரம் ஒழுகிவிடும் என்று, பல்பில்லாத ஹோல்டரில் மணி உதிர்த்த சோளக்கட்டையைச் செருகிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதிலும் செருகியிருந்தது.

"அவளத் தொட்டியா?"

"தொட்டா நானும்ல போயிருப்பேன்! வாசல்ல நின்னே கத்தினேன்."

"வேற யாரும்?"

"ஈ காக்கா உள்ள போகல. நான் நகரவேயில்ல."

"அப்போ செத்தவ எந்திரிச்சு, கட்டையச் செருகிட்டு, மறுபடி படுத்தாளா?"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஆரினின் தலை மட்டும் குனிந்தது.

"கட்டை இருக்கிற ஹோல்டர்ல பல்பு மாட்ட முடியாது, விரலும் நுழையாது. முக்காலியால மண்டையில அடிச்ச. கரண்டு அடிச்ச மாதிரி காட்ட, எரிஞ்சிட்டிருந்த பல்பைக் கழட்டி உடைச்ச. வெறும் ஓட்டையப் பாத்ததும் உனக்குப் பயம். கை பழக்கத்துல கட்டையச் செருகிருச்சு. ஊரே செருகுற கட்டை. உன் கண்ணுக்கும் படல, இவங்க கண்ணுக்கும் படல."

"ஏன்டா?" என்றார் லட்விக்.

ஆரின் காறித் துப்பினான். "பம்பு வந்ததுலருந்து தண்ணி தூக்குறதில்ல. பொழுதன்னிக்கும் ரேடியோ, எதுத்துப் பேச்சு. பத்தாதுன்னு உங்க பொம்பளைங்களையும் கெடுக்கக் கிளம்பிட்டா."

பத்து மணிக்கு அரசாங்க ஆள் வந்தார். கரண்டு யாரையும் கொல்லவில்லை என்று ஷெரீப் அடித்துச் சொன்னார். லட்விக் தலையாட்டினார்.

"கொல்லலதான் ஐயா. ஆனா பொம்பளைங்க கெட்டுப்போறாங்கன்னு ஆரின் சொன்னது பொய்யில்லையே."

தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அடித்தார்கள்.

லட்விக்கின் மனைவி இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு இறங்கினாள்.