மூஞ்சூறு காதில் சொன்னது

"பத்து நிமிஷம் ஸ்வர்ணா, சின்னுவைப் பார்த்துட்டு கோயிலுக்குப் போயிடலாம்" என்று கிரீஷ் காரை அந்தப் பழைய கட்டடத்தின் முன் நிறுத்தினான். என் கணவன் மூளை ஆராய்ச்சி செய்கிற இடம். சின்னு என்பது அவன் எலி.

ஜன்னல் இல்லாத அறை. ஈர மரத்தூளும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. கூண்டுக்குள் வெள்ளை எலி, அதன் தலை உச்சியில் நகம் அளவுக்கு ஒரு மூடி.

கிரீஷ் லேப்டாப்பில் தட்டினான். எலி வலப்பக்கம் திரும்பியது.

"மூளைக்குள்ள கம்பி வெச்சிருக்கோம். அதுல கரண்ட் லேசா பாய்ஞ்சா, வலது கன்னத்துல யாரோ தொடற மாதிரி இருக்கும். திரும்பினா இன்னொரு கம்பி வழியா சந்தோஷம் குடுப்போம். சீக்கிரமே கத்துக்கிச்சு."

"சந்தோஷம்னா?"

"பக்கத்துல சாப்பாடு வெச்சாகூட தொடாது. இதுதான் வேணும்னு நிக்கும்." அவன் குனிந்து கூண்டிடம் சொன்னான். "சமத்துடி சின்னு."

கல்யாணமான புதிதில் என்னைத்தான் சின்னு என்று கூப்பிடுவான். இப்போது வீட்டுக்கு வந்தாலும் போனில் அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பாடு. என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு எலியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவில் நாங்கள் வழக்கமாகப் போகும் லிவர்மோர் கோயிலில் அவன் பிரசாத க்யூவில் போனும் கையுமாக நின்றான். நான் பிள்ளையார் சன்னதிக்குப் போனேன். எதிரே கல் மூஞ்சூறு. அதன் காதில் சொன்னால் பிள்ளையாருக்குப் போய்ச் சேரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் குனிந்து வேண்டிக்கொள்வோம். நானும் குனிந்தேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"அது செத்துப் போகட்டும். அதோட இடம் எனக்கு வேணும்."

எலியைப் பற்றி எலியிடமே கோள் சொல்லியிருக்கிறேன். என் புத்தி எங்கே போயிற்று, சொல்லுங்கள்.

நிமிரும்போது அந்தக் கல் காது என் உதட்டில் பட்டது.

வெதுவெதுவென்று இருந்தது.

கார் பார்க்கிங்கில் கிரீஷுக்கு போன் வந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. "சின்னு போயிடுச்சாம். நல்லாத்தானே இருந்துது." நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சோஃபாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நான் காபிக்குப் பால் வைத்தேன். அடுப்படியில் ஈர மரத்தூள் வாடை வந்தது.

வலது கன்னத்தில் யாரோ தொட்டார்கள்.

திரும்பினேன். யாருமில்லை.

ஆனால் திரும்பிய அந்த நொடி தலைக்குள் ஒரு சந்தோஷம் பரவியது. என் ஆயுசில் அப்படி ஒன்றை நான் அறிந்ததில்லை. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

இடது கன்னம்.

திரும்பினேன். மறுபடியும் அதே சந்தோஷம்.

வலது. இடது. வலது.

அந்தத் தொடுதல் திருப்பிய பக்கமெல்லாம் நடந்து ஹாலுக்கு வந்துவிட்டேன். லேப்டாப் மேஜைமேல் மூடிக் கிடந்தது. கிரீஷ் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து நின்று என்னையே பார்த்தான், நான் இத்தனை நாளாக ஏங்கிய அந்தப் பார்வை.

"கிரீஷ், எனக்கு பயமா இருக்கு" என்று முணுமுணுத்தேன்.

"சமத்துடி சின்னு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டு சாரதா ஆன்ட்டி கொண்டுவந்து வைத்த சாம்பார் சாதம் காய்ந்து கிடக்கிறது. பசிக்கிறதுதான். ஆனால் கன்னத்தைத் தொடுவது நின்றுவிடுமோ என்று நகர மனசு வரவில்லை.

காலையில் ஆன்ட்டி எனக்குத் தலை வார வந்தார். உச்சியில் சீப்பு எதிலோ தட்டி நின்றது.

"என்னம்மா இது, மூடி மாதிரி? வா, டாக்டர்கிட்ட போலாம்."

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். டாக்டர் அதை எடுத்துவிடுவாரே.